ஐம்பது வயதுக் காருக்கு வீட்டில் இடம் கொடுக்கலாமா? பழைய ஜாகுவார், ரோல்ஸ் ராய்ஸ் வைத்திருப்பவர்களிடம் ஒரு கேள்வி

ஹாரோவாசி | ஞாயிறு, இரவு 9.15

வணக்கம். நீண்ட நாட்களாக உங்கள் பதிவுகளை வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை.

எனக்கு வயது 52. லண்டனுக்கு வந்து 26 ஆண்டுகள் ஆகின்றன. வீட்டுக் கடன் போன மாதத்தோடு முடிந்தது. மனைவியும் நானும் பேசி, கொஞ்சப் பணத்தை என் நெடுநாள் ஆசைக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். அந்தப் பணத்துக்குள் இரண்டு கார்கள் அகப்பட்டிருக்கின்றன. ஒன்று 1972ஆம் ஆண்டு ஜாகுவார் எக்ஸ்ஜே6, 4.2 லிட்டர், கரும்பச்சை நிறம். மற்றது 1978ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ, இரண்டாம் வரிசை (திருத்தி வந்த இரண்டாம் பதிப்பு). இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான் சொல்கிறார்கள். புதிய சிறிய கார் ஒன்றின் விலையை விடக் குறைவு.

இந்த ஆசைக்கு ஒரு வேர் உண்டு. அப்பா யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓட்டியவர். ஆஸ்டின் ஏ40 சோமர்செட். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனபோது ஊரில் அந்தப் பழைய கார்கள்தான் ஓடின. சிறு குப்பியில் பெட்ரோல் வைத்திருப்பார் அப்பா. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் சில துளிகள் விட்டு என்ஜினைக் கிளப்புவார். சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். வெள்ளைப் புகை, தலையைச் சுற்றும் மணம், ஆனாலும் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கார் அது. விளக்குப் பிடிப்பது என் வேலை.

அப்பாவுக்கு இப்போது 81 வயது. எங்களோடுதான் இருக்கிறார்.

சொந்தமாக வைத்திருப்பவர்களிடம் கேட்கிறேன். எது உங்களை இழுத்தது? வாங்கிய பிறகும் அந்த இழுப்பு இருக்கிறதா? இரண்டில் எதை வாங்குவீர்கள்?

வெம்பிளிக்காரன் | ஞாயிறு, இரவு 9.50

நண்பரே, மனம் நோக வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல மின்சாரக் கார் வாங்கலாம். மாதம் ஒருமுறை ஓட்டும் பொருளுக்கு இவ்வளவு போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்பாவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகும் அவசரத்தில் இந்தக் கார் கிளம்பாவிட்டால் என்ன செய்வீர்கள்?

நிழல்77 | ஞாயிறு, இரவு 11.20

வெம்பிளிக்காரன் கேட்பது நியாயம். ஆகவே முதலில் அதற்கே பதில்: வீட்டில் இன்னொரு கார் கட்டாயம் இருக்க வேண்டும். ஒரே காராக இதை வைத்திருக்க நினைப்பவரிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இனி ஹாரோவாசிக்கு. சில்வர் ஷேடோ இரண்டாம் வரிசைக் கார் என்னிடம் எட்டு ஆண்டுகளாக இருக்கிறது. என்னை இழுத்தது பெயரோ, முன்னால் நிற்கும் சிறகுப் பெண் சிலையோ அல்ல. பார்க்கப் போனது மழைநாள். விற்றவர் கதவைத் திறந்து உள்ளே உட்காரச் சொல்லி, தாம் வெளியே நின்றுகொண்டார். கதவு மூடியதும் மழைச் சத்தம் நின்றது. குறையவில்லை, நின்றது. தோலின் மணம், காலுக்கடியில் தடித்த கம்பளி விரிப்பு. ஸ்டியரிங் வளையம் இன்றைய கார்களில் இருப்பதைப் போலத் தடிமனாக இல்லை, விரல் அளவுக்கு மெல்லியது. கியர் மாற்றும் சிறு கோலை இரண்டு விரல்களால் தொட்டேன். அது கம்பியை இழுக்கும் நெம்பு அல்ல. கீழே மின்மோட்டார் ஒன்று கியர்பெட்டியை மாற்றிக் கொடுக்கிறது. இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட வண்டி விரல் தொட்டதற்கு நகர்ந்தது.

டேஷ்போர்டு மரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வாங்கி ஓராண்டு கழித்து, ஒரு மாலை வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் கவனித்தேன். வலப்பக்க வால்நட் பலகையில் இருந்த முடிச்சும் சுழியும் இடப்பக்கத்தில் அப்படியே கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருந்தன. ஒரே மரக்கட்டியிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய இரண்டு தாள்களைப் புத்தகம் போல விரித்து ஒட்டியிருக்கிறார்கள். ரோல்ஸ் ராய்ஸின் குரூ நகரத்துத் தொழிற்சாலையில் யாரோ ஒருவர் மேசையில் அந்தத் தாள்களை வைத்து, சுழியும் சுழியும் பொருந்துகிறதா என்று குனிந்து பார்த்திருக்கிறார். ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய கவனம் எனக்கு வந்து சேர்ந்தது. என்னைப் பொறுத்தவரை இந்தக் காரை வைத்திருப்பதன் பொருள் அதுதான்: முன்பின் தெரியாத ஒருவர் பார்த்துப் பார்த்துச் செய்ததை நான் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஆனால் ஷேடோவுக்கு உயிர்நிலை என்ஜின் அல்ல. அந்த 6.75 லிட்டர் வி8 என்ஜினின் குடும்பம் 1959இல் தொடங்கி 2020 வரை பென்ட்லி கார்களில் தொடர்ந்தது, அவ்வளவு உறுதி. கவனிக்க வேண்டியது பிரேக்கையும் பின்பக்க உயரத்தைச் சமன் செய்யும் அமைப்பையும் இயக்கும் உயரழுத்தத் திரவம். அதன் நுட்பத்தைப் பிரெஞ்சு சிட்ரோயனிடம் உரிமம் பெற்று அமைத்தார்கள். அழுத்தத்தைச் சேமித்து வைக்க நைட்ரஜன் அடைத்த உருண்டைகள் இரண்டு உள்ளன. நீங்கள் பார்க்கப் போகும்போது இப்படிச் செய்யுங்கள். சில நிமிடம் என்ஜினை ஓடவிட்டு, பிரேக் அழுத்த விளக்குகள் அணைந்த பின் நிறுத்திவிடுங்கள். பிறகு சாவியை மட்டும் திருப்பி, பிரேக்கை மிதித்து மிதித்து எண்ணுங்கள். விளக்கு மறுபடி எரியும் வரை எத்தனை மிதி தாங்குகிறது? நல்ல காரில் பல பத்துகள் போகும். பத்துக்குள் எரிந்தால் பெரிய செலவு காத்திருக்கிறது, விட்டுவிடுங்கள்.

பட்டறைத்தமிழன் | திங்கள், காலை 6.10

நிழல்77 அண்ணா சொன்ன சோதனை முழுக்கச் சரி. நான் கொவென்ட்ரியில் 30 ஆண்டுகளாகப் பழைய ஜாகுவார்களோடு வேலை செய்பவன். எக்ஸ்ஜே6 பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

1968இல் வந்த கார் இது. ஜாகுவாரை நிறுவிய சர் வில்லியம் லயன்ஸ் நேரடியாகக் கைவைத்து உருக்கொடுத்த கடைசி சலூன். அவர் வரைபடத்தை நம்பிய மனிதர் அல்ல. மாதிரி உடலைச் செய்யச் சொல்லி, வெளிச்சத்தில் நிறுத்தி, சுற்றி நடந்து பார்த்து, இங்கே குறை, அங்கே கூட்டு என்பார். அதனால்தான் அந்தக் காரின் தோள்கோட்டில் பார்வை எங்கேயும் இடறாது. என்ஜினின் கதை அதைவிட அருமை. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுத் தீயைக் கண்காணிக்கத் தொழிற்சாலையில் இரவுக்காவல் இருந்தபோது லயன்ஸும் ஹெய்ன்ஸ், ஹாசன், பெய்லி என்ற பொறியாளர்களும் போருக்குப் பிறகு செய்யப்போகும் என்ஜினைப் பற்றிப் பேசிப் பேசியே வடிவமைத்தார்கள். அது எக்ஸ்கே என்ஜினாக 1948இல் வெளிவந்து, 1992 வரை உற்பத்தியில் இருந்தது. எரியும் ஊருக்கு நடுவில் உட்கார்ந்து இப்படியொன்றை எண்ணியவர்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

ஆனால் தம்பி, என்ஜினைப் பார்த்து மயங்காதீர்கள். என்ஜினைப் பிரித்துச் சேர்த்துவிடலாம். உடலைத் துரு தின்றிருந்தால் காரின் விலையைப் போல இருமடங்கு போகும். அந்தக் காலத்துக் கார்களில், அதுவும் குளிர்காலத்தில் உப்புத் தூவும் இந்த நாட்டில், எங்கே ஈரம் தேங்குமோ அங்கே துரு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம், பின்சக்கர வளைவு, ரேடியேட்டருக்குக் கீழேயுள்ள குறுக்குச் சட்டம், பின்பக்கத் தாங்குகைகள் உடலோடு சேரும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். ஒட்டாத இடத்தில் வண்ணத்துக்கு அடியில் இருப்பது பூச்சுமாவு.

இன்னும் இரண்டு. பின்பக்க பிரேக் தட்டுகள் சக்கரத்தில் இல்லை, நடுவில், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன. அந்த வேலைக்குக் கூலி கூடும். பெட்ரோல் டாங்கிகளும் இரண்டு, பின்பக்க இறக்கைக்கு ஒன்றாக. டேஷ்போர்டில் ஒரு சுவிட்சை அழுத்தி மாற்ற வேண்டும். இரண்டிலும் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு நிமிடத்துக்கு 3,000 சுற்றில் எண்ணெய் அழுத்த முள் 40 பக்கம் நின்றால் நிம்மதியாக இருக்கலாம்.

கிழக்குவாசல் | திங்கள், மதியம் 1.05

தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது. ஒன்றைக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது, கோபமாக அல்ல. நம்மை ஆண்டவர்களின் சொகுசுச் சின்னம் இது. துரைமாரும் மகாராஜாக்களும் ஏறிப்போக நம் முன்னோர் ஓரமாக நின்று பார்த்த கார். அதைக் காசு கொடுத்து வாங்கி மெருகு போடுவதில் நமக்கு என்ன பெருமை?

நிழல்77 | திங்கள், இரவு 8.30

இந்தக் கேள்வியை என் மகளும் கேட்டிருக்கிறாள். அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். அந்தக் காரில் ஏறிப்போனவர்களை நான் மதிக்கவில்லை. அதைச் செய்தவர்களை மதிக்கிறேன். தோலைத் தைத்தவரும் பலகையைச் சீவியவரும் துரைமார் அல்லர், கூலிக்கு உழைத்தவர்கள்.

பட்டறைத்தமிழன் | திங்கள், இரவு 9.00

எங்கள் கொவென்ட்ரியின் கார்த் தொழிற்சாலைகளிலும் வார்ப்பாலைகளிலும் நம் துணைக்கண்டத்திலிருந்து வந்த ஆயிரக்கணக்கானோர் வேலை செய்திருக்கிறார்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒரு பஞ்சாபி. அவருடைய கைவிரல் ரேகை எத்தனை கார்களின் அடியில் இருக்கிறதோ. அவையெல்லாம் எப்படி வேறொருவருடைய சின்னமாகும்?

கிழக்குவாசல் | திங்கள், இரவு 9.40

இந்தக் கோணத்தில் நான் பார்த்ததில்லை. முழுக்க உடன்படவில்லை, ஆனாலும் யோசிக்கிறேன். நன்றி.

தைமழை | செவ்வாய், காலை 10.25

ஆண்கள் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். என் கணவர் 1975ஆம் ஆண்டு பென்ட்லி டி வைத்திருந்தார். உங்கள் ஷேடோவின் உடன்பிறப்புதான். முகப்பும் சில்லறை அடையாளங்களும் மட்டும் வேறு, எண்ணிக்கையில் மிகக் குறைவு. அவர் காலமான பிறகு விற்கச் சொல்லி எல்லாரும் வற்புறுத்தினார்கள். நான் விற்கவில்லை. 61 வயதில் அதை ஓட்டப் பழகினேன்.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கார் வாங்கிய செய்தி பரவினால், கல்யாணக் காலம் முழுக்கத் தொலைபேசி ஓயாது. மாப்பிள்ளை அழைப்புக்கு, பெண்ணைக் கோயிலுக்குக் கூட்டிவர, பூப்புனித நீராட்டு விழாவுக்கு. மறுத்தால் மனத்தாங்கல். நீங்கள் எடுக்கும் காப்பீடு பெரும்பாலும் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. காசு வாங்கினால் செல்லாது. முதல் நாளே ஒரு விதி வையுங்கள். எங்கள் விதி: கூடப் பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும், ஓட்டுவது நாங்கள்தான், பணம் கிடையாது. சாமந்தி மாலையை பானட்டின் மேல் கட்டும் முன் அடியில் மெத்தென்ற துணி விரியுங்கள். ஈரப் பூவின் கறையும் கட்டும் கம்பியின் கீறலும் வண்ணத்தில் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

எது இழுக்கிறது என்று கேட்டீர்கள். ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு, சாலை வெறிச்சோடியிருக்கும்போது தனியாக ஓட்டுவேன். நாற்பது மைல் வேகம் போதும் என்று அந்தக் கார் சொல்கிறது. வேறு எதுவும் என்னை அப்படி அமர்த்துவதில்லை.

ஹாரோவாசி | செவ்வாய், இரவு 10.10

எல்லாருக்கும் நன்றி. தைமழை அக்கா, உங்கள் விதியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் சில ஐயங்கள். எங்கள் வீடு 1930களில் கட்டியது, கராஜ் குறுகல். ஷேடோ உள்ளே போகுமா? லண்டன் மாசுக் கட்டணம் தினமும் கட்ட வேண்டுமா? ஆண்டுச் செலவு எவ்வளவு ஆகும்? மறைக்காமல் சொல்லுங்கள்.

நிழல்77 | செவ்வாய், இரவு 11.45

கராஜை இன்றே அளந்து பாருங்கள். ஷேடோ ஏறத்தாழ 5.2 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம். உள்ளே நுழைந்தாலும் கதவைத் திறந்து இறங்க இடம் வேண்டும். ஜாகுவார் நீளத்தில் குறைவு, 4.8 மீட்டர்தான்.

மாசுக் கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். 40 ஆண்டு கடந்து, வரலாற்று வாகனம் என்ற வரிப்பிரிவில் பதிவாகியிருந்தால் அந்தக் கட்டணம் இல்லை, சாலை வரியும் இல்லை. ஆனால் அந்தப் பிரிவு தானாக வராது, விண்ணப்பித்து மாற்ற வேண்டும். பெரிதாக மாற்றி அமைக்காத கார் என்றால் ஆண்டுச் சோதனைகூட 2018 முதல் கட்டாயமில்லை. இருந்தாலும் நான் ஆண்டுதோறும் கொண்டுபோகிறேன். அதில் குழந்தைகள் ஏறுகிறார்கள். இன்னொரு கண் அடியில் பார்ப்பது நல்லது.

செலவு: என் கணக்கில், பெரிய பழுது இல்லாத ஆண்டில், நாலு பேர் கொண்ட குடும்பம் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்வரும் செலவு. பழுது வந்த ஆண்டில் அதுபோல இரண்டு, மூன்று. லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் கொடுத்தால் பெரிது. பெட்ரோல் சூப்பர் மட்டுமே போடுங்கள். 2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள், அது பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும்.

ஒரு பாடம், இதற்காகவே இவ்வளவு நேரம் விழித்திருந்து எழுதுகிறேன். ஷேடோவின் பிரேக் அமைப்புக்கு அதற்குரிய பிரேக் திரவம் மட்டுமே. ஷேடோவை அடுத்து 1980இல் வந்த சில்வர் ஸ்பிரிட்டுக்குப் பச்சைநிறக் கனிம எண்ணெய். பார்க்க இரண்டு கார்களும் ஒரே குடும்பம். நான் வாங்கிய இரண்டாம் ஆண்டு, ஒரு பணிமனையில் அவசரத்தில் பச்சை எண்ணெயை ஊற்றிவிட்டார்கள். ரப்பர் அடைப்பான்கள் ஊறி உப்பிவிட்டன. பம்பு முதல் கடைசிச் சக்கரம் வரை எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து திரவத் தொட்டியின் மூடியில் என் கையால் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறது. யார் பானட்டைத் திறந்தாலும் பக்கத்தில் நிற்பேன்.

பட்டறைத்தமிழன் | புதன், காலை 6.00

குளிர்காலத்தில் போர்த்தி மூடி வைத்து மறந்துவிடாதீர்கள். ஓடாத கார்தான் சீக்கிரம் சாகும். பிரேக் பிஸ்டன் இறுகும், அடைப்பான் காயும். உப்புத் தூவாத நாளாகப் பார்த்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்ஜின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டுங்கள். தெருமுனை வரை போய் வருவதில் பயனில்லை.

ஹாரோவாசி | பதினொரு நாள் கழித்து, ஞாயிறு, இரவு 8.20

இரண்டையும் பார்த்துவிட்டேன்.

ஷேடோ அழகில் குறை சொல்ல முடியாது. உட்கார்ந்தபோது நிழல்77 அண்ணா எழுதிய மழை நினைவுக்கு வந்தது. நீங்கள் சொன்னபடி என்ஜினை நிறுத்தி, சாவியைத் திருப்பி, மிதித்து எண்ணினேன். ஏழாவது மிதியில் விளக்கு எரிந்தது. விற்றவர் நல்ல மனிதர், அவருக்கே அது தெரியவில்லை. அவருக்கும் விளக்கிச் சொல்லிவிட்டு வந்தேன். இனி அந்தக் காரை அவர் சரிசெய்யாமல் ஓட்ட மாட்டார் என்று நம்புகிறேன்.

ஜாகுவாருக்குக் காந்தத்தோடு போனேன். அப்பாவும் வருவேன் என்றார். பெட்டிச் சட்டம் இருபக்கமும் ஒட்டியது. பின்வளைவில் இடப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒட்டவில்லை. மற்ற இடமெல்லாம் திடம். கூரையின் உட்துணி தொங்குகிறது, ஓட்டுநர் இருக்கையின் தோலில் வெடிப்பு. வலப்பக்க டாங்கிக்கு மாற்றியதும் இரண்டு நிமிடத்தில் என்ஜின் திணறியது, இடப்பக்கத்தில் சீராக ஓடியது. சூடான பிறகு முள் 40க்குச் சற்று மேலேயே நின்றது. அந்த டாங்கியையும் வளைவையும் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்டேன், சம்மதித்தார்.

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டது.

அப்பா ஆறு மாதமாக அதிகம் பேசுவதில்லை. நேற்று மதியம் பானட்டைத் திறந்து வைத்திருந்தேன். நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி முன்னால் உட்கார்ந்துகொண்டார். கார்புரேட்டர் இரண்டா என்று கேட்டார். ஏ40இல் ஒன்றுதான். பிறகு தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயில் ஒரு முழம் வெட்டித் தரச் சொன்னார். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முன் கார்புரேட்டரின் வாயருகே பிடித்தார். பிறகு பின்னதில். திரும்பவும் முன்னதில். கண்களை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். “பின்னால் இருக்கிறவன் கூடக் காற்றுக் குடிக்கிறான்” என்றார்.

பட்டறைத்தமிழன் அண்ணா, இது சரியா? எந்தத் திருகை, எவ்வளவு திருப்ப வேண்டும்?

தைமழை | ஞாயிறு, இரவு 8.45

தம்பி, வாழ்த்துகள். அப்பாவை அந்த நாற்காலியிலிருந்து அவசரமாக எழுப்பாதீர்கள்.

வெம்பிளிக்காரன் | ஞாயிறு, இரவு 9.05

வாழ்த்துகள். நான் பக்கத்து ஊர்தான். அடுத்த வாரம் பார்க்க வரலாமா?

பட்டறைத்தமிழன் | ஞாயிறு, இரவு 9.30

சரிதான். நாங்களும் இன்றுவரை அப்படித்தான் குழாய் வைத்துக் கேட்கிறோம். கருவிகள் வந்துவிட்டன, காதை மிஞ்சவில்லை. பின் கார்புரேட்டரின் மெதுவோட்டத் திருகைக் காற்று குறையும் பக்கம் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். பிறகு அப்பாவிடம் குழாயைக் கொடுங்கள். இரண்டும் ஒரே சீறலாகக் கேட்கிறது என்று அவர் சொல்லும் வரை தொடருங்கள். அதற்கு முன் பெட்ரோல் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும், வலப்பக்க டாங்கியைக் கழற்றாமல் அதில் பெட்ரோல் ஊற்ற வேண்டாம். வரும் சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. காலை எட்டு மணிக்கு உங்கள் வீட்டில் இருப்பேன். குழாய்களை நான் கொண்டுவருகிறேன்.